வடசென்னையிலிருந்து பிஎச்டி: சேரும் முன்னும் சேர்ந்த பின்னும் பெண்கள் செய்ய வேண்டியவை

விதிப்படி பிஎச்டிக்குக் குறைந்தது மூன்று வருடம். அறிவியல், பொறியியல் துறைகளில் ஐந்து வருடம் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருபத்து நான்கு வயதில் சேரும் பெண்ணுக்கு அந்த ஐந்து வருடத்துக்குள் கல்யாணப் பேச்சு வரும். குழந்தை பிறக்கலாம், அப்பாவுக்கோ மாமியாருக்கோ உடம்பு முடியாமல் போகலாம், வீடு மாறலாம். வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சேருகிறவர்கள் நடுவில் திணறிப் போகிறார்கள். வரத்தான் போகிறது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்தவர்கள் தாமதமானாலும் முடித்துவிடுகிறார்கள். இந்த இரண்டு பேருக்கும் கெட்டிக்காரத்தனத்தில் வித்தியாசம் ஒன்றுமில்லை.

அதனால் ஏற்பாடுகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பெண்கள்தான் என் மனதில் இருக்கிறார்கள். அவர்களில் நிறைய பேருடைய வீட்டில் ஆராய்ச்சிக்குப் போகும் முதல் ஆள் அவர்கள்தான். கேட்டுத் தெரிந்துகொள்ள அக்காவோ அத்தையோ இருக்கமாட்டார்கள்.

முதலில் தூரம்

சென்னையின் பெரிய ஆராய்ச்சி நிறுவனங்கள் பெரும்பாலும் தெற்கே இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் துறைகள் பலவும் கிண்டியில். ஐஐடியும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அடையாறு பக்கம். கணித அறிவியல் நிறுவனம் தரமணி. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் பள்ளிக்கரணை. நாம் இருப்பது நகரத்தின் இன்னொரு முனையில். எந்த இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்யும்போது துறைக்குக் கொடுக்கும் அதே கவனத்தைத் தூரத்துக்கும் கொடுங்கள்.

2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டது நமக்குப் பெரிய வசதி. திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறினால் சென்ட்ரல் வழியாகக் கிண்டி வரை ஒரே ரயில். எண்ணூர், கத்திவாக்கம் ஆட்களுக்குப் புறநகர் ரயில் உண்டு. கடற்கரை நிலையத்தில் இறங்கிப் பறக்கும் ரயிலுக்கு மாறினால் சேப்பாக்கம், தரமணி போகலாம், தாம்பரம் ரயிலுக்கு மாறினால் கிண்டி. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஸ்டைபண்ட் (ஆய்வு மாணவருக்கான மாத உதவித்தொகை) வராத மாதங்களில் அது கைகொடுக்கும்.

சேருவதற்கு முன்னால் ஒரு வேலை நாளில் காலையில் போய், இரவு எட்டு மணிக்கு அங்கிருந்து கிளம்பி வீடு வந்து பாருங்கள். காலைப் பயணத்தை எல்லோரும் யோசிக்கிறார்கள். ரயிலிலிருந்து இறங்கிய பிறகு வீட்டு வாசல் வரை உள்ள அந்தக் கடைசித் துண்டுதான் பெண்களை மடக்குகிறது. கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி வீடு இருந்தால், யார் வந்து கூட்டிப் போவார்கள் என்பது வரை முடிவாகியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு அருகில் இருக்கும் வாய்ப்புகளைச் சிறுமையாக நினைக்காதீர்கள். மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது, வேப்பேரியில் அதன் பழைய கல்லூரி. பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். லைஃப் சயின்ஸ் படித்தவர்கள் இங்கெல்லாம் திட்டப் பணிக்கான அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தியாகராயா கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரி ஆகியவற்றில் உங்கள் துறை ஆய்வு மையமாக அங்கீகாரம் பெற்றிருக்கிறதா, ஆய்வு வழிகாட்டியிடம் (கைடு) இடம் காலியாக இருக்கிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

சுற்றுச்சூழல், வேதியியல், சிவில் துறைக்காரர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். எண்ணூர்க் கழிமுகம், கொசஸ்தலை ஆறு, மணலித் தொழிற்சாலைப் பகுதி எல்லாம் நாம் குடியிருக்கும் இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது. அதைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் நிறைய இருக்கின்றன. மாதிரி எடுக்கும் இடம் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்று ஃபீல்டு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். படகுக்காரர்களிடம் பேச நமக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

கைடைத் தேர்ந்தெடுப்பது

இதில் அவசரப்படாதீர்கள். தலைப்பைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், கைடை மாற்றுவது பெரும் பாடு.

முதலில் ஷோத்கங்கா என்ற இணையதளத்தைத் திறந்து கைடின் பெயரைத் தேடுங்கள், இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் தளம் அது. அவரிடம் முடித்தவர்களின் தீசிஸ்கள் வருடத்தோடு கிடைக்கும். கடைசி ஐந்தாறு வருடத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வு பெற மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஸ்காலரை எடுக்கக் கூடாது. கைடு ஓய்வு பெறும் வருடத்தைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நீங்கள் ஆறு வருடம் எடுத்துக்கொள்ள நேர்ந்தால் அவர் இருப்பாரா என்பது உங்கள் பிரச்சினை.

அடுத்தது, அந்த லேபில் இப்போது இருக்கும் இரண்டு ஸ்காலர்களிடமும் முடித்துப் போன ஒருவரிடமும் பேசுங்கள். லேபுக்கு உள்ளே வேண்டாம், கேன்டீனில் டீ குடித்துக்கொண்டு பேசுங்கள். சனி, ஞாயிறு வரச் சொல்வாரா? இரவில் போன் வருமா? பேப்பர் டிராஃப்டைக் கொடுத்தால் திருத்தித் தர எத்தனை மாதம் ஆகிறது? சொந்த வேலை, வீட்டு வேலை சொல்வாரா? கல்யாணமான, குழந்தை உள்ள பெண் யாராவது அங்கே முடித்திருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை மிகவும் மதியுங்கள். அப்படி ஒருவர் முடித்திருந்தால் அந்த லேபில் உங்களுக்கும் வழி இருக்கிறது.

பிறகு கைடிடம் நேராகப் பேசுங்கள். மழுப்பினால் பின்னால் நமக்குத்தான் கஷ்டம். இந்த மாதிரி சொல்லலாம்: “சார், எனக்கு மூணு வயசுல குழந்தை இருக்கு. காலைல ஒன்பதரைக்கு லேப்ல இருப்பேன், அஞ்சு மணிக்குக் கிளம்பணும். வாரத்துல ஒரு நாள் ராத்திரி எட்டு வரைக்கும் இருக்க வீட்ல ஏற்பாடு பண்ணிக்கிறேன். எழுதுற வேலையை வீட்ல முடிச்சிடுவேன். உங்க லேபுக்கு இது ஒத்து வருமா?” ஒத்து வராது என்றால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. ஒத்து வரும் என்றால் அன்று மாலையே, பேசியதை நான்கு வரியில் எழுதி நன்றி சொல்லி மெயில் அனுப்பிவிடுங்கள். ஞாபகம் மாறிப்போகும், மெயில் அப்படியே இருக்கும்.

நேர்காணலில் “கல்யாணம் எப்போ?” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். “படிப்பை முடிக்கிற மாதிரிதான் ஏற்பாடு பண்ணியிருக்கேன் மேடம்” என்று சொல்லிவிட்டு உங்கள் ஆய்வு யோசனைக்குத் திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் விளக்கம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

பணம்

ஃபெல்லோஷிப் (ஆய்வு உதவித்தொகை) இல்லாமல் முழுநேரம் சேருவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். சொந்தமாக ஒரு வருமானம் இருக்கும் பெண்ணின் படிப்பை வீட்டில் வேலையாக மதிக்கிறார்கள். அது இல்லாதபோது முதலில் தியாகம் கேட்பது அந்தப் படிப்பிடம்தான்.

நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர் ஃபெல்லோஷிப்) கிடைத்தால் 2023 ஜனவரி முதல் அமலில் உள்ள கணக்குப்படி முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆகி 42,000 ரூபாய். விடுதியில் தங்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படியும் உண்டு. ஜேஆர்எஃப் வயது வரம்பில் பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு இருக்கிறது. வயதாகிவிட்டது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கும் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் தனித்தனியே தேசிய ஃபெல்லோஷிப்கள் உண்டு. கூடப் பிறந்த ஆண் பிள்ளை இல்லாத ஒரே பெண் பிள்ளை என்றால் சாவித்ரிபாய் ஜோதிராவ் புலே பெயரிலான ஃபெல்லோஷிப்பைப் பாருங்கள். பொறியியலுக்கு ‘கேட்’ (GATE) நுழைவுத் தேர்வு மதிப்பெண் பல கதவுகளைத் திறக்கும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இந்தப் பணம் ஒழுங்காக மாதா மாதம் வராது. நான்கைந்து மாதம் நின்று சேர்ந்து வருவது சாதாரணம். சீட்டுக்கும் வீட்டுக் கடனுக்கும் ஸ்டைபண்டை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள்.

வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகச் செய்யலாம். அதற்கு நிறுவனத்திடமிருந்து தடையில்லாச் சான்றிதழ் வேண்டும். படிப்புக்கு நேரம் தரப்படும், கோர்ஸ் ஒர்க்குக்கு (தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்கள்) தேவைப்பட்டால் விடுவிக்கப்படுவார் என்று அதில் இருக்க வேண்டும். தனியார் பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டு பகுதிநேரம் செய்கிறவர்களின் பாடு எனக்குத் தெரியும். வகுப்பு, கல்லூரித் தர அங்கீகாரத்துக்கான நாக் ஃபைல், என்பிஏ ஃபைல், சேர்க்கைக் காலத்தில் அலைச்சல் எல்லாம் போக மிஞ்சும் நேரம் கொஞ்சம்தான். அப்படிச் சேருவதானால் பரிசோதனை குறைவாகவும் சிமுலேஷன், மாடலிங் அதிகமாகவும் உள்ள தலைப்பாக எடுங்கள். எந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாலும் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

வீட்டில் பேச வேண்டியது

“எல்லாரும் பார்த்துப்போம், நீ படி” என்று வீட்டில் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொள்ளும் வேலை கடைசியில் உங்கள் தலையில் வந்து விழும். வேலையைப் பெயர் சொல்லிப் பிரியுங்கள். காலையில் தண்ணீர் பிடிப்பது யார், குழந்தையைப் பள்ளிக்கு விடுவது யார், செவ்வாய்க்கிழமை மாலை கூட்டி வருவது யார், மாமனாரை மாத்திரை வாங்க ஸ்டான்லிக்குக் கூட்டிப் போவது யார். கணவரிடமும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டும். உதவி செய்கிறேன் என்பவரிடம் ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் வாங்குங்கள்.

உங்கள் வேலை என்ன என்று வீட்டாருக்குப் புரிய வைப்பதும் முக்கியம். ஒரு சனிக்கிழமை மாமியாரை லேபுக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். “அத்தை, இந்த மெஷினுக்கு ஒரு மாசம் முன்னாடியே பதிஞ்சு வைக்கணும், அன்னிக்கு விட்டா அடுத்த மாசம்தான்” என்று நேரில் பார்த்தவர், அந்த நாளில் உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று சொல்வது குறையும். கல்யாணப் பேச்சு நடக்கிறது என்றால் பதிவு செய்த தேதி, முடியும் என்று எதிர்பார்க்கும் வருடம், கையில் வரும் பணம் மூன்றையும் மாப்பிள்ளை வீட்டில் நீங்களே சொல்லுங்கள். பெரியவர்கள் சொன்னால் “கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கலாம்” என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும்.

1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்த ஏ. லலிதாவை இங்கே நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், அப்போது கையில் சில மாதக் குழந்தை. அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவர் தந்தை கல்லூரி முதல்வரிடம் பேசி இடம் வாங்கிக் கொடுத்தார். லலிதா மின் பொறியியல் முடித்து நாட்டின் முதல் பெண் பொறியாளர் என்று பெயர் பெற்றார், பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின் பணிகளிலும் பங்கெடுத்தார். அவருடைய உறுதியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். கூடவே நின்ற அந்த அப்பாவைப் போல ஓர் ஆள் உங்கள் வீட்டில் யார் என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. தம்பியாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், எதிர்வீட்டு அக்காவாகவும் இருக்கலாம்.

குழந்தையை எங்கே விடுவது என்பதில் என் கருத்து உறுதியானது: கல்விநிலையத்துக்குள்ளேயே காப்பகம் இருந்தால் அங்கே, இல்லையென்றால் வீட்டுக்கு அருகில். தரமணிக்குப் பக்கத்தில் தனியார் காப்பகம் பார்த்துச் சேர்த்துவிட்டுக் குழந்தையையும் தினமும் மெட்ரோவில் இழுத்துக்கொண்டு போவது இரண்டு பேரையும் நோயாளியாக்கும். பதினொரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால் தண்டையார்பேட்டையில் இருக்கும் யாராவது பத்து நிமிடத்தில் போய்த் தூக்கிவர வேண்டும். அந்த ஆளின் பெயரும் எண்ணும் காப்பகத்தில் எழுதியிருக்க வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும் என்பது 2017 திருத்தத்தில் மகப்பேறு பலன் சட்டத்தில் சேர்ந்தது. வேலைக்குச் சேரும் இடத்தில் இதைக் கேளுங்கள். கேட்கும் பெண்கள் அதிகமானால்தான் காப்பகம் வரும்.

லேபில் நேரம்

உங்கள் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். லேபில் மட்டுமே செய்யக்கூடியது ஒரு பக்கம்: ரியாக்ஷன், செல் கல்ச்சர், கருவி ஸ்லாட் (கருவிக்கு முன்பதிவு செய்த நேரம்). எங்கே உட்கார்ந்தும் செய்யக்கூடியது மறுபக்கம்: படிப்பது, கிராஃப் போடுவது, எழுதுவது. லேபில் இருக்கும் ஏழரை மணி நேரத்தில் இரண்டாவது வகை வேலையைத் தொடாதீர்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் முடிவு தெரியாத ரியாக்ஷனையோ நெடுநேரம் பிடிக்கும் காலம் (column) குரோமட்டோகிராஃபியையோ ஆரம்பிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை லேபில் வளரும் செல்களுக்கு மீடியா (ஊட்டக் கரைசல்) மாற்ற வேண்டும் என்றால் சக ஸ்காலரோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் அவருக்கும் சேர்த்து நீங்கள், அடுத்த வாரம் உங்களுக்கும் சேர்த்து அவர்.

வீட்டில் தனி அறை இல்லாதவர்களுக்கு கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகம் என்ற பொதுப் பணியிடம் உட்கார்ந்து எழுத நல்ல இடம். அரசுக் கல்லூரி, பல்கலைக்கழக ஸ்காலர்களுக்கு 2025 முதல் ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் பெரிய பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. வீட்டிலிருந்தே படிக்க உள்நுழைவுக் கணக்கை நூலகரிடம் வாங்கி வையுங்கள். ரயிலில் பேப்பர் படித்தே ஆக வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். உங்களுக்குக் கிடைக்கும் ஓய்வு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கமே துண்டாகிவிடும். நழுவவே கூடாத கருவி ஸ்லாட்டுகளை முடிந்தவரை ஜனவரிக்குத் தள்ளுங்கள். தரைத்தள வீடு என்றால் டேட்டாவின் இன்னொரு பிரதி லேபிலும் இருக்கட்டும்.

கர்ப்பமும் விடுப்பும்

பரிசோதனை லேபில் இருக்கிறீர்கள் என்றால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே நீங்கள் கையாளும் ரசாயனங்களின் பாதுகாப்புத் தாளை எடுத்துப் படியுங்கள். ஃபார்மமைடு, டைமெத்தில் ஃபார்மமைடு இரண்டும் கருவைப் பாதிக்கக்கூடியவை. டொலுயீன், பென்சீன், எத்திடியம் புரோமைடு, கதிர்வீச்சு உள்ள வேலைகளிலும் விலகி நிற்க வேண்டும். மூன்று மாதம் கழித்துச் சொல்வதுதான் நம் வீட்டு வழக்கம். முதல் மூன்று மாதம்தான் கரு உருவாகும் முக்கியமான காலம் என்பதால் கைடிடம் மட்டுமாவது, அல்லது நம்பகமான ஒரு மூத்த மேடத்திடமாவது, உடனே சொல்லிவிடுங்கள். அந்த மாதங்களில் சேர்த்து வைத்த டேட்டாவை அலசுவது, ரிவ்யூ பேப்பர் எழுதுவது, சிமுலேஷன் என்று வேலையை மாற்றிக்கொள்ளலாம். ஆய்வு நிற்காது.

விடுப்பு என்பது சலுகை அல்ல, விதியில் இருப்பது. மானியக் குழுவின் அதே 2022 விதிமுறைப்படி படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்பு விடுப்பு தரலாம். படிப்பின் உச்ச வரம்பு ஆறு வருடம், மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. ஆக மொத்தம் பத்து வருடத்தைத் தாண்டக் கூடாது. ஐஐடி போன்ற நிறுவனங்களுக்குத் தனி விதிகள். நீங்கள் சேர்ந்த இடத்தின் விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஃபைலில் வையுங்கள், அலுவலகத்தில் “அப்படி ஒன்றும் கிடையாது” என்று சொன்னால் எடுத்து நீட்ட வேண்டும். மத்திய அரசின் ஜேஆர்எஃப், எஸ்ஆர்எஃப் பெறுபவர்களுக்கு மகப்பேறு விடுப்பு உதவித்தொகையோடு உண்டு. எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே விடுப்பில் போங்கள். வாய்மொழியாக “சரிம்மா, போய்ட்டு வா” என்றதை நம்பிப் போனால் அந்த மாதங்கள் வருகைக் குறைவாகப் பதிவாகிவிடும்.

படித்து முடித்து ஆசிரியர் வேலைக்குப் போகும்போது இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். மத்திய அரசு நிறுவனங்களில் 180 நாளோடு, குழந்தைகளுக்குப் பதினெட்டு வயதாகும்வரை எடுத்துக்கொள்ள 730 நாள் குழந்தை பராமரிப்பு விடுப்பும் உண்டு.

தொல்லை என்றால்

பாலியல் தொல்லை எந்த வடிவில் வந்தாலும் தேதி, நேரம், சொன்ன வார்த்தைகளை அன்றே எழுதி வையுங்கள், மெசேஜ்களை அழிக்காதீர்கள். ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் பெண் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். ஸ்காலர்களும் அதில் புகார் தரலாம். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். தனியாகப் போகாதீர்கள், ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஊர் மாறினால், இடைவெளி விழுந்தால்

கல்யாணத்தாலோ வேறு காரணத்தாலோ வேறு ஊருக்குப் போக நேர்ந்தால் படிப்பை விட வேண்டியதில்லை. பெண் ஸ்காலர் இடம் மாறும்போது ஆய்வுத் தரவுகளைப் புதிய கல்வி நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள விதியில் இடமிருக்கிறது. ஆனால் நிதி வாங்கிய திட்டத்தின் கீழ் நடந்த ஆய்வு என்றால் எடுத்துப் போக முடியாது, பழைய கைடுக்கும் நிறுவனத்துக்கும் உரிய அங்கீகாரம் கொடுக்க வேண்டும். ஆகவே சேரும்போதே கேளுங்கள்: என் தலைப்பு திட்ட நிதியில் வருகிறதா, தனியாக நிற்கிறதா?

இரண்டு மூன்று வருடம் விட்டுப்போனவர்கள் திரும்பி வருவதற்கென்றே திட்டங்கள் இருக்கின்றன. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டத்தில் பிஎச்டிக்கும் அதற்குப் பிந்தைய ஆய்வுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. காப்புரிமைத் துறையில் பயிற்சி தரும் பிரிவும் உண்டு, லேபுக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு அது நல்ல வழி. உயிர்தொழில்நுட்பத் துறையின் பயோகேர் திட்டமும் பெண் விஞ்ஞானிகளுக்கானது. அறிவிப்பு வந்த பிறகு ஆரம்பித்தால் நேரம் போதாது. உங்களை ஏற்கும் நிறுவனத்தையும் அங்கே ஒரு வழிகாட்டியையும் முன்பே பிடித்து வைத்திருக்க வேண்டும். பழைய கைடுக்கும், உங்கள் துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கும் மெயில் எழுதுங்கள். அதில் இடைவெளிக்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை குழந்தை வளர்ப்பில் இருந்தீர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே எதை ஆராய விரும்புகிறீர்கள் என்பதற்கு வந்துவிடுங்கள்.